ஃப்ளைட் ஏறிப் போய்க் காலநிலைப் போராட்டமா?

காலநிலை மாற்றத்துக்கு எதிராகப் போராட யாராவது வெளிநாடு கிளம்பினால் உடனே ஒரு கேள்வி வந்து விழும்: "போறது ஃப்ளைட்லதானே?" கேட்பவருக்கு அதோடு விஷயம் முடிந்தது. கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சென்னையிலிருந்து சிட்னி போய்த் திரும்பினால் தலைக்கு ஒரு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. சராசரி இந்தியரின் ஒரு வருடக் கணக்கே சுமார் 2 டன்தான்.

விமானமே வேண்டாம் என்று ஸ்வீடனின் காலநிலைப் போராளி கிரேட்டா துன்பெர்க் 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்குப் பாய்மரப் படகில் போனார். இரண்டு வாரப் பயணம். அந்தப் படகை ஐரோப்பாவுக்குத் திருப்பி ஓட்டி வர விமானத்தில் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது! அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பந்தயப் படகு எத்தனை பேருக்கு இரவல் கிடைக்கும்?

என்னைக் கேட்டால், எதில் ஏறிப் போனார் என்பதைவிட யார் வாசலுக்கு, என்ன முறையீட்டோடு போனார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2014 அக்டோபர் 17. ஆஸ்திரேலியாவின் நியூகாசில், உலகிலேயே அதிகமாக நிலக்கரி ஏற்றுமதி செய்யும் துறைமுகம். பசிபிக்கின் 12 தீவுகளிலிருந்து சுமார் 30 பேர் அங்கே வந்து இறங்கினார்கள். ஃபிஜி, டோங்கா, வனுவாட்டு, டோக்கலாவ் என்று நாம் வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய ஊர்கள். ஊரில் கையால் செதுக்கிய வள்ளங்களும் உடன் வந்திருந்தன. துறைமுக நுழைவாயிலில் அவற்றைத் தண்ணீரில் இறக்கித் துடுப்புப் போட்டார்கள். உள்ளூர் மக்கள் நூற்றுக்கணக்கில் கயாக் எனும் சின்னத் துடுப்புப் படகுகளில் கூடச் சேர்ந்துகொண்டார்கள். எதிரே மலை மாதிரி நிலக்கரிக் கப்பல், நடுவே போலீஸ் படகுகள். "நாங்கள் மூழ்கிக்கொண்டிருக்கவில்லை, போராடிக்கொண்டிருக்கிறோம்" என்பது அவர்கள் கோஷம். அன்று சில கப்பல்கள் நகர முடியாமல் நின்றன.

ஒரு கப்பல் 80,000 டன் நிலக்கரி ஏற்றினால், அது எரியும்போது வெளிவருவது ஏறக்குறைய 2 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு. வள்ளம் மறித்ததால் அந்த நிலக்கரி எரியாமல் போய்விடவில்லை, தாமதமானது, அவ்வளவுதான். ஆனாலும் கடல் மட்டம் ஏறி ஊரே மூழ்கும் ஆபத்தில் இருக்கும் தீவுக்காரன் தன் கரையிலேயே நின்று கத்தினால் யார் காதில் விழும்? அவர்களிடம் போய் விமான டிக்கெட் கணக்குக் கேட்க எனக்கு வாய் வராது.

வருடாவருடம் ஐ.நா. காலநிலை மாநாடு எங்கே நடக்கிறதோ அங்கே போய், கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ரீல்ஸ் போடுகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அது சுற்றுலா. நன்றாக இருக்கட்டும்.

சரி, நியாயமான முறையீடு இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்களா? 2015 ஜனவரியில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் பிரியா பிள்ளை லண்டன் போக டெல்லி விமான நிலையம் வந்தார். மத்தியப் பிரதேசத்தின் மகான் காட்டில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டும் திட்டம். அதில் பங்குள்ள நிறுவனத்துக்கு லண்டன் தொடர்பு. அதைப் பற்றி பிரிட்டிஷ் எம்.பி.க்களிடம் பேசத்தான் பயணம். விசா கையில் இருந்தும் 'ஆஃப்லோட்' (பயணத்திலிருந்து இறக்கப்பட்டவர்) என்று பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் வெளிநாடு போவதைத் தடுத்த அரசுச் சுற்றறிக்கையை ரத்து செய்தது.

உள்ளே வருகிறவர்களுக்கும் இதே கதைதான். 2012 பிப்ரவரியில், கூடங்குளம் போராட்டத்துக்கு உதவினார் என்று சொல்லி நாகர்கோவில் லாட்ஜில் இருந்த ஜெர்மன்காரரை நாடு கடத்தினார்கள். அது காலநிலைப் போராட்டம் அல்ல, அணு உலைப் போராட்டம். ஆனாலும் அரசின் பயம் ஒன்றுதான். பணம் எல்லை தாண்டலாம், நிலக்கரி தாண்டலாம், அதை எதிர்க்கிற ஆள் மட்டும் தாண்டக்கூடாது.

அதனால் இங்கிருந்து கடன் வாங்கிக் கிளம்ப நினைக்கும் தம்பி தங்கைகளைவிட, ஏற்கெனவே ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட நம்மவர்களைத்தான் போராட வரச் சொல்லிக் கேட்க நினைக்கிறேன். சிட்னியிலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. 2023 நவம்பரில் அங்கே மறுபடி கயாக் மறியல் நடந்தது. போலீஸ் 30 மணி நேரம் அனுமதி கொடுத்தது. நேரம் முடிந்தும் தண்ணீரைவிட்டு ஏறாத 109 பேரைக் கைது செய்தது. அதில் ஒருவருக்கு வயது 97. அடுத்தடுத்த வருடங்களிலும் நவம்பரில் கூடினார்கள். மாணவர் விசா, வேலை விசாவில் இருப்பவர்கள் போலீஸ் அனுமதி இருந்தால் மட்டும் தண்ணீரில் இறங்குங்கள், அந்த நேரம் முடிவதற்குள் கரைக்கு வந்துவிடுங்கள், கைதானால் விசாவுக்கே சிக்கல் வரலாம். அதற்குப் பிறகும் தண்ணீரில் இருப்பதைக் குடியுரிமை வாங்கிய அண்ணன்மார் பார்த்துக்கொள்ளட்டும்.