அவனைக் கேட்டீர்களா?

அரிசி டப்பா பையன் வீடியோவைப் பார்க்காதவர்கள் இனி இருக்க முடியாது. நாலாம் வகுப்புப் பையன் கணக்குப் பரீட்சைப் பேப்பரை அரிசிக்குள் ஒளித்து வைத்ததும், அம்மா உலைக்கு அரிசி அளக்கும்போது அது படியோடு வந்ததும், "அரிசிக்குள்ள வெச்சா மாங்காய் பழுக்கும்னு பாட்டிதானே சொன்னாங்க, மார்க்கும் பழுக்கும்னு நினைச்சேன்" என்று அவன் சொன்னதும் எல்லோருக்கும் மனப்பாடம். நானும் சிரித்தேன்.

என் கோபம் இரண்டாவது வீடியோ மேல். முதலாவது நன்றாக ஓடியதும் அவனைத் திரும்ப நிற்க வைத்து, அதே பேப்பரைக் கையில் திணித்து, "அந்த மாங்காய் கதையைச் சொல்லுடா" என்கிறார்கள். அவன் மாட்டேன் என்கிறான். சட்டை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இழுக்கிறான். கண் கலங்கிவிட்டது. பின்னால் சித்தியோ அத்தையோ விழுந்து விழுந்து சிரிக்கிறார். பேப்பரில் பெயர், வகுப்பு, மார்க் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. போடுவதற்கு முன் அவனைக் கேட்டீர்களா?

"அவங்க பிள்ளை, அவங்க போடுறாங்க, உனக்கென்ன?" என்பார்கள். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கவே 13 வயது ஆக வேண்டும். அவன் தானாகப் போட முடியாததை அவன் முகத்தை வைத்துப் பெரியவர்கள் போடலாமாம். பிரான்சில் 2020-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தன் வீடியோவை நீக்கச் சொல்லிப் பிள்ளையே கேட்கலாம், பெற்றோர் சம்மதம் வேண்டியதில்லை. இங்கே 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதை மட்டுமல்ல, மனதைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. ஒரு வாத்தியார் வகுப்பில் அவனை இப்படி நிற்க வைத்திருந்தால் சும்மா விட்டிருப்போமா?

"அந்தக் காலத்தில் நாமும் பிள்ளைகள் குறும்பைச் சொல்லிச் சிரிக்கவில்லையா?" சிரித்தோம். என் தம்பி, பாட்டியின் பித்தளை வெற்றிலை உரலைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றவன். பல் இல்லாத பாட்டி, உரல் இல்லாமல் வெற்றிலை போட முடியாமல் வீட்டை இரண்டாக்கிவிட்டார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து, அந்த ஆளைப் பிடித்துக் காசு கொடுத்து மீட்டு வந்தார். இவன் திண்ணையில் உட்கார்ந்து கடைசிக் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தான். எந்தக் கல்யாண வீட்டிலும் இந்தக் கதை வரும். ஆனால் சொல்வது அவன்தான், ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கூட்டிச் சொல்லுவான். அன்று ராத்திரி அப்பா பெல்ட்டை எடுத்ததையும், இவன் நிஜாரை நனைத்துக்கொண்டதையும் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. பெயரைப் போடாவிட்டாலும் இவ்வளவு எழுதுவதற்கே அவனுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு யாராவது கையில் செல்போன் இருந்திருந்தால் அதுவும் ஓடியிருக்கும்.

அப்புறம், இதைக் கேட்டதற்கு எனக்கு வந்த அந்தப் பின்னூட்டம். "பிள்ளை பெறாதவங்களுக்கு அம்மா கஷ்டம் தெரியாது." எழுதியவர் எனக்குத் தெரிந்தவர்தான். சரி, எனக்குப் பிள்ளை இல்லை. ஆனால் தம்பி செய்த ஒவ்வொன்றுக்கும் தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்றது எங்கள் அம்மா. பக்கத்து வீட்டு ஓடு உடைந்தாலும், வகுப்பில் எவன் மண்டை வீங்கினாலும் "பிள்ளை வளர்த்த லட்சணமா இது?" என்ற கேள்வி அவருக்குத்தான் வரும். அப்பாவை யாரும் கேட்டதில்லை. கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தலை குனிந்து அவர் நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கா தெரியாது?

அந்த வீடியோ அம்மாவும் பாவம்தான். களைத்துப்போன முகம், அடுப்பில் உலை கொதிக்கிறது. அவர் முதலில் திட்டியதில் ஒரு தப்பும் இல்லை. நான்கு வார்த்தை அதிகமாகத் திட்டியிருந்தாலும் கேட்க மாட்டேன். ஆனால் அழுகிற பிள்ளையின் கண்ணைத் துடைக்க வேண்டிய கை செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"அவனே அப்புறம் சிரிச்சுட்டான்" என்றும் ஒருவர் வாதாடுகிறார். சுற்றிப் பத்துப் பேர் சிரிக்கும்போது ஒன்பது வயதுப் பையன் வேறென்ன செய்வான்?

அந்த இரண்டாவது வீடியோவைப் பகிர்ந்தவர்கள் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை. இன்றைக்கே நீக்கிவிடுங்கள். மீம் போட்டவர்களும்தான்.