பட்டு கொடுத்தவன் கோழையா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "ரோமானியன் விழுந்தால் எழுந்து அடிப்பான், சீனாக்காரன் பட்டும் பெண்ணும் கொடுத்துத் தப்பிப்பான்" என்றார் பேச்சாளர். அரங்கமே கைதட்டியது. நான் பதில் சொல்ல எழுந்தேன். "நேரமில்லை, உட்காருங்க" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். சரி, இங்கே சொல்கிறேன்.

ஒரு பேரரசின் தாங்குசக்தியை ஜெயித்த நாளில் அளக்காதீர்கள். தோற்ற மறுநாளிலிருந்து அளங்கள்.

ரோமை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. கி.மு. 216இல் இத்தாலியின் கேன்னேயில் ஒரே பகலில் ஏறத்தாழ 50,000 பேரை கார்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் பறிகொடுத்தார்கள். பிடிபட்ட சொந்த வீரர்களைப் பணம் கட்டி மீட்க மறுத்துவிட்டு, 8,000 அடிமைகளை வாங்கிப் படையில் சேர்த்தார்கள். 14 வருடம் கழித்து வட ஆப்பிரிக்காவின் சாமாவில் அதே ஹன்னிபாலை ஜெயித்தார்கள். பெரிய விஷயம்தான்.

சீனாவை அப்போது ஆண்ட ஹான் வம்சத்தின் கதையையும் அதே தராசில் வையுங்கள். கி.மு. 200, பைதெங். பேரரசர் லியூ பாங்கையே, வடக்குப் புல்வெளி நாடோடிகளான சியோங்னுக்களின் குதிரைப்படை ஏழு நாள் வளைத்துக்கொண்டது. குளிரில் பத்துக்கு இரண்டு மூன்று வீரர்களுக்கு விரல்கள் உதிர்ந்தன. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. பேரரசரின் வண்டிக்கே ஒரே நிறத்தில் நான்கு குதிரை தேறவில்லை. அமைச்சர்கள் மாட்டுவண்டியில் போனார்கள். குதிரை இல்லாதவன் புல்வெளியில் போய் எப்படி மோதுவான்? பட்டு கொடுத்தார்கள், தானியம் கொடுத்தார்கள், பெண்ணும் கொடுத்தார்கள். கூடவே குதிரை வளர்த்தார்கள். போர்க்குதிரை ஒன்று வளர்த்தால் மூன்று பேருக்குக் கட்டாயச் சேவையிலிருந்து விலக்கு என்று சட்டமே இருந்தது. கி.மு. 119இல் ஹான் தளபதிகள் வெய் சிங்கும் ஹுவோ சூபிங்கும் கோபிப் பாலைவனத்தைத் தாண்டிப் போய் சியோங்னுக்களை முறியடித்தபோது உடன் போனவை 1,40,000 குதிரைகள். திரும்பியவை 30,000க்கும் குறைவு. தோற்ற மறுநாளிலிருந்து 81 வருடம் ஐயா!

"கொடுத்தும் கொள்ளையடிக்க வந்தார்களே?" வந்தார்கள், உண்மைதான். அதனால்தானே குதிரை வளர்த்தார்கள். "ரோம் யாருக்காவது கொடுத்ததா?" கொடுத்தது. ரோமப் பேரரசர் டொமிஷியன், டேசிய (இன்றைய ருமேனியாப் பகுதி) அரசன் டெசெபாலஸுக்குக் கொடுத்தார். ஹூணர்களின் அரசன் அட்டிலாவுக்கு ஆண்டுக்கு 2,100 ராத்தல் தங்கம் தருவதாகக் கிழக்கு ரோம் ஒப்புக்கொண்டது. அதற்கு யாரும் கோழை என்று கைதட்டுவதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? அப்பா அச்சகம் வைத்திருந்தார். கூட்டாளி ஏமாற்றிவிட்டுப் போனதில் எல்லாம் மூழ்கியது. மாதம் முதல் தேதி சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துப் போவார். கடன் கொடுத்தவர் வீட்டுத் திண்ணையில் குனிந்து உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுப்பார். "சண்டை போடத் துப்பில்லாதவன்" என்று சொந்தச் சித்தப்பாவே சொன்னார். ஒன்பது வருடம். மெஷினை மீட்டு ஓட்டிய அன்று, மை காயாத முதல் தாளை அப்பா என் கையில்தான் கொடுத்தார்.

அந்தத் திண்ணையில் அவர் தோற்று உட்கார்ந்திருக்கவில்லை. ஹான்களும் அப்படித்தான்.

அன்று கைதட்டியவர்களில் என் நண்பர்களும் இருந்தீர்கள். நான் உட்கார்ந்தபோது ஒருவர்கூட "அவரும் பேசட்டுமே" என்று சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள், அதே பேச்சாளர் முன்னால். குதிரைக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.