‘புறப்பட்டுவிட்டோம்’ என்று பொய் சொல்லும் மச்சான்களுக்கு

சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்படலாம் என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் முதலில் எழுதியவர் என் மச்சான்தான் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்; ஏனென்றால் இப்போது அவர் அதை மறுக்கிறார்.

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கோலசிலாங்கூர் சென்று, மலாவாத்தி மலையில் 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே கடற்கரையோரமாகக் கிள்ளான் வழியே இறங்கி, போர்ட்டிக்சனுக்கு அப்பால் தஞ்சோங் துவானில் 1863-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தை மாலைக்குள் எட்டுவது திட்டம். வார இறுதியில் மலாவாத்தி மலைக்குச் சொந்த வாகனத்தை விடமாட்டார்கள், டிராமுக்கு வரிசையில் நிற்க வேண்டும், ஆகவே முன்னதாகப் போனால்தான் நல்லது என்று எல்லோருக்கும் விளக்கியவரும் அவரே.

ஆறு மணிக்குத் தோட்டத்துக் கோயில் வாசலில் பிள்ளைகளோடு காருக்குள் உட்கார்ந்திருந்தோம். ஆறேகாலுக்கு, ‘புறப்பட்டுவிட்டோம்’ என்று செய்தி வந்தது. ஆறே முக்காலுக்கு, ‘பாதி வழியில் இருக்கிறோம்’ என்றது அடுத்தது. அவர் வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையே இருப்பது ஒரு செம்பனைச் சாலையும் ஒரு சிறு பாலமுமே. அதில் பாதி வழி எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பொறுக்க முடியாமல் அழைத்தேன். “இதோ வந்துட்டோம் மச்சான்” என்ற குரலுக்குப் பின்னால், தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் தெளிவாகக் கேட்டது. எந்தச் சாலையில் ஐயா நின்றபடி குளிக்கிறார்கள்? 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்த மலாவாத்திக் கோட்டையைச் சுல்தான் இப்ராகிம் மறு ஆண்டே மீட்டுவிட்டார். என் மச்சானைக் குளியலறையிலிருந்து மீட்க ஒரு படையாலும் இயலாது.

எட்டு மணிக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தீர்களா? “இன்னும் பசியாறலையா?” என்று எங்களையே கடிந்துகொண்டார். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகத்தில்) ரொட்டி சானாய் வந்தது, தே தாரே என்ற பால் தேநீர் வந்தது. அது தித்திப்பு மிகுந்துவிட்டதென்று இன்னொன்று வந்தது. எழுந்தபின்தான் அவர் காரில் எண்ணெய் இல்லை என்பதும், பின்சக்கரத்தில் காற்று குறைவு என்பதும் தெரியவந்தன. முதல் நாள் இரவெல்லாம் திட்டம் எழுதிய கைக்கு எண்ணெய் ஊற்ற நேரமில்லை போலும்.

மலைக்கு நாங்கள் ஏறியபோது உச்சி வெயில்; லூத்தோங் குரங்குகள்கூட நிழலுக்கு ஒதுங்கிவிட்டன. ஒவ்வொரு கலங்கரை விளக்கமும் தனக்கென்று ஒரு நொடிக்கணக்கு வைத்துக்கொண்டு அதே இடைவெளியில் மின்னுகிறது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் இது இன்ன விளக்கு என்று இருட்டில் கப்பலோட்டி அறிகிறான். நொடி தவறாத அந்தக் கோபுரத்தின் கீழே நின்று தலைமுடி சீவிச் சீவிப் படமெடுத்துக்கொண்டிருந்தவர், மணி என்ன என்று என்னிடமே கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு கிள்ளான் நெரிசல், பிறகு இளநீர், பிறகு அவருடைய பழைய நண்பர் வீட்டில் ‘ஐந்தே நிமிடம்’. தஞ்சோங் துவான், 1606-இல் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் கடற்போர் புரிந்த முனை, நெகிரி செம்பிலானுக்குள் இருந்துகொண்டே மலாக்காவுக்குச் சொந்தமான காடு என்று வழியெல்லாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இனி மேலே ஏற விடுவதில்லை என்று வாயிலில் இருந்த பெரியவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மச்சானோ, “நேரத்தோடு கிளம்பியிருக்கணும்” என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார்!

நேற்றிரவு குழுவில் புதிய திட்டம் வந்திருக்கிறது: பினாங்கு, கார்ன்வாலிஸ் கோட்டையில் 1882-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம், விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பாடு. தாமதிப்பவர்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்று கீழே ஒரு எச்சரிக்கையும் சேர்த்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், தூங்கிக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.