பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதற்கா?
பிள்ளைகளின் நல்வாழ்வுக்காகக் குடும்பத்தோடு பிரித்தானியாவுக்குக் குடிபெயர்வதே சிறந்த வழி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையின் ஒரே மேசையில் மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் படிப்பதை நாள்தோறும் பார்ப்பவள் நான். ஆனால், முதியோரையும் நோயாளரையும் கவனிக்கும் வேலைக்கான பிரித்தானியப் பராமரிப்புப் பணியாளர் விசாவில் புதிதாகச் செல்வோர் 2024 மார்ச் 11 முதல் துணையையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துச் செல்ல முடியாது என்பதையும், 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அவ்வேலைக்குப் புதிதாக ஆளெடுப்பதே நிறுத்தப்பட்டுவிட்டது என்பதையும் கட்டுரை சொல்லாமல் விட்டது பெருங்குறை. தாலிக்கொடியை அடகு வைத்து முகவரிடம் பணம் கட்டத் துணியும் தாய்மார் எங்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். தாய் மத்திய கிழக்குக்குப் போக, பாட்டியிடம் வளர்ந்து, பாதியிலேயே பள்ளியை விட்ட பிள்ளைகளையும் இங்கே பார்த்திருக்கிறோம். கட்டுரையாளர் இவ்விரு திகதிகளையும் தயவுசெய்து சேர்த்துவிட வேண்டும்.