பெண்களே பெண்ணுக்கு ஓட்டுப் போடுவதில்லை என்பது சரியில்லை

"பெண்களே பெண்ணுக்கு ஓட்டுப் போட மாட்டார்கள், அதனால்தான் அமெரிக்காவில் இன்றுவரை பெண் அதிபர் வரவில்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அண்ணே. நடந்தது அப்படி இல்லை. 2016-ல் ஹிலாரி கிளின்டன் டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வாங்கினார். ஓட்டுப் போட்ட பெண்களில் பாதிக்கு மேல் அவர் பக்கம்தான். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதிபரைத் தேர்ந்தெடுக்க இத்தனை தேர்வாளர்கள் (எலெக்டர்கள்) என்று உண்டு, யார் பக்கம் அவர்கள் அதிகம் என்று எண்ணுவதுதான் முறை. அதனால் மொத்த ஓட்டில் முந்தியும் தோற்றார்.

இந்திரா காந்தியை 1966-ல் பிரதமராக்கியது காங்கிரஸ் எம்.பி.க்கள். பிரிட்டனில் தாட்சரும் முதலில் 1975-ல் கட்சித் தலைவராகி, அப்புறம்தான் 1979-ல் பிரதமரானார். அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் நாடுகளில், கட்சிக்குள் தலைவராகி அப்படியே ஆட்சிக்கு வரும் இந்த வழி கிடையாது. அங்கேயும் பெரிய கட்சிகள் பெண்ணை நிறுத்தினால் நிலைமை மாறுகிறது. மெக்சிகோவில் 2024-ல் முதல் இரண்டு இடமும் பெண்களுக்குத்தான். கிளாடியா ஷெயின்பாம் ஜெயித்தார். சட்டமன்ற வேட்பாளர்களில் சரிபாதி பெண்கள் இருக்க வேண்டும் என்று 2014-லேயே அங்கே அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் ஏன், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு சட்டமன்றத் தொகுதியைப் பாருங்கள். 2011, 2016, 2021 மூன்று தடவையும் ஜெயித்தது விஜயதரணி. 2024 இடைத்தேர்தலில் முக்கியக் கட்சிகள் எல்லாமே பெண்களை நிறுத்தின, தாரகை கத்பர்ட் ஜெயித்தார். 2009-ல் கன்னியாகுமரி எம்.பி.யாக ஹெலன் டேவிட்சனை அனுப்பியதும் இதே மக்கள்தான். ஓட்டுப் போடும் பெண்களைக் குறை சொல்லாதீர்கள். மாவட்டத்தின் ஆறு தொகுதியிலும் எந்தக் கட்சி எத்தனை பெண்களுக்கு சீட் கொடுத்தது என்று கேளுங்கள்.