சித்தப்பாவும் 1990-இன் இளவரசனும்

சித்தப்பா: கயல், இந்த மடிக்கணினி என்னை அவமதிக்கிறது. டாஸ் என்ற பழைய இயங்குதளம் ஓடிய கணினிகளுக்கு 1990-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா விளையாட்டைச் சொடுக்கினால், இந்தச் செயலி இங்கே இயங்காது என்று முகத்தில் அறைந்தாற்போல் சொல்கிறது. 640 கிலோபைட்டுக்குள் அடங்கிய விளையாட்டை 16 ஜிகாபைட் நினைவகம் தாங்காதா?

கயல்: இடம் போதாமல் அது மறுக்கவில்லை, சித்தப்பா. அந்த விளையாட்டு 16 பிட் என்ற பழைய வகை நிரல். 64 பிட் விண்டோஸ் அத்தகைய நிரல்களை ஏற்பதே இல்லை. அதனால்தான் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரை நிறுவியிருக்கிறேன். பழைய பிராசசர், விஜிஏ திரை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை எல்லாம் இருப்பதுபோல் அது நடிக்கும், விளையாட்டும் நம்பிவிடும்.

சித்தப்பா: ஏமாற்று வேலை என்று சொல். இங்கே இசட் டிரைவ் என்று ஒன்று தெரிகிறதே, அது யாருடையது?

கயல்: டாஸ்பாக்ஸ் தனக்கென்று வைத்துக்கொண்டது. விளையாட்டு இருக்கும் கோப்புறையை மவுண்ட் கட்டளையால் காட்டினால், அதையே சி டிரைவ் என்று அது எடுத்துக்கொள்ளும்.

சித்தப்பா: ஒரு கோப்புறையைக் காட்டி முழு வன்தட்டு என்கிறாய். வீட்டுத் தரகர்கூட இவ்வளவு துணிய மாட்டார். சரி, முதலில் அந்தக் கார்ப் பந்தயத்தைப் போடு. அடடே, நான் விசையைத் தொடுவதற்குள் பந்தயமே முடிந்துவிட்டதே!

கயல்: வேக அளவை மிக உயரத்தில் வைத்துவிட்டீர்கள். கடிகாரத்தைப் பார்க்காமல், கணினி எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அவ்வளவு விரைவாக ஓடும்படி எழுதப்பட்ட விளையாட்டு இது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ்தான். கண்ட்ரோல் விசையுடன் எஃப்11-ஐ அழுத்தினால் டாஸ்பாக்ஸ் நிதானப்படும். எஃப்12-ஐ அழுத்தினால் விரையும்.

சித்தப்பா: வேகமான கணினி வேண்டும் என்று கடைக்காரரிடம் அரை மணி நேரம் வாதாடி வாங்கியவன் நான். அதை மந்தமாக்க ஒரு மென்பொருளா?

கயல்: அந்தக் காலத்திலும் அப்படித்தான், சித்தப்பா. பழைய கணினிகளின் முகப்பில் டர்போ என்று ஒரு பொத்தான் இருந்ததே, அதை அணைத்தால் வேகம் குறையும். முந்தைய விளையாட்டுகளுக்காகத்தான் அந்த ஏற்பாடு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழிக் கருவியில் எழுதப்பட்ட சில நிரல்கள், இந்தக் கணினி ஒரு கண நேரத்தில் எத்தனை சுற்று ஓடும் என்று தொடக்கத்திலேயே அளந்து பார்க்கும். வேகம் மிகுந்துவிட்டால் விடை ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல், பூஜ்ஜியத்தால் வகுத்துவிட்டதாகப் பிழை காட்டி நின்றுவிடும்.

சித்தப்பா: வேகமாக ஓடியதற்குத் தண்டனை, செய்யாத வகுத்தலுக்குப் பழி. என் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் நடந்ததும் இதுவேதான். இப்போது இளவரசனைக் கூப்பிடு. சுட்டியின் அம்புக்குறி எங்கே போனது?

கயல்: டாஸ்பாக்ஸ் பிடித்து வைத்திருக்கிறது, கண்ட்ரோலுடன் எஃப்10 அழுத்தினால் விட்டுவிடும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, சித்தப்பா. முதல் கட்டம் முடிந்ததும் எழுத்துகளுக்குக் கீழே குப்பிகள் வைத்த ஓர் அறை வரும். அச்சிட்ட கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட வரியில் உள்ள சொல்லின் முதல் எழுத்து எதுவோ, அந்தக் குப்பியைத்தான் குடிக்க வேண்டும். திருட்டுப் படியைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. அந்தக் கையேடு உங்களிடம் இருக்கிறதா?

சித்தப்பா: உன் சித்தி எப்போதோ கழித்துவிட்டாள். இவ்வளவும் நடிக்கும் டாஸ்பாக்ஸ் ஒரு கையேட்டை நடிக்காதா?

கயல்: அது கணினியை மட்டும்தான் நடிக்கும். ஐயோ, சித்தப்பா, முள் இருக்கிறது, நில்லுங்கள்!

சித்தப்பா: பொய்யான பிராசசர், பொய்யான ஒலி அட்டை, பொய்யான சி டிரைவ், அந்த முள் மட்டும் எப்படி மெய்யாக இருக்கும் என்று நினைத்தேன்.

கயல்: இளவரசியை மீட்க மொத்தம் 60 நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். மறுபடியும் அதே முள்ளா? இந்த முறை ஓடாமல், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு மெல்ல அடியெடுத்து வைத்துக் கடந்து போங்கள்.

சித்தப்பா: கடந்துவிட்டேன், பார்! இப்போது இந்தப் பள்ளத்தை ஒரே தாவலில்... கயல், அந்த எஃப்11-ஐ இன்னும் நாலு முறை அழுத்தேன்.

கயல்: அழுத்துகிறேன். கையேட்டைத் தேட வேண்டியதில்லை, சித்தப்பா. அந்தக் குப்பி அறைவரை நாம் போகப் போவதில்லை.