கல்லூரி ஐஸ் ஹாக்கி: வாக்கெடுப்பு யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை

"வாராந்திர வாக்கெடுப்பில் முதல் 16 இடம் பிடிப்பவர்களே அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் தேசியத் தொடருக்குப் போகிறார்கள், சிறிய கூட்டமைப்புகள் (அணிகள் சேர்ந்து ஆடும் லீக்குகள்) மதிக்கப்படாமல் ஒதுக்கப்படுகின்றன" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

ஆண்கள் பிரிவில் ஆறு கூட்டமைப்புகளின் சாம்பியன்களுக்கும் நேரடி இடம் உண்டு. மீதி பத்து இடங்களைத் தீர்மானிப்பது கணக்கு. முன்பு பேர்வைஸ், 2025-26 முதல் என்பிஐ; இரண்டுமே ஆட்ட முடிவுகளை வைத்துப் போடும் தரவரிசை. பயிற்சியாளர்களும் செய்தியாளர்களும் போடும் வாக்குக்கு இதில் வேலையே இல்லை. சரி, சிறிய கூட்டமைப்புகளுக்கு மதிப்பு இல்லையா? 2013இல் ஈசிஏசி கூட்டமைப்பின் யேல் பல்கலைக்கழக அணி, சாம்பியன் இடம் கிடைக்காமல் இந்தக் கணக்கில்தான் உள்ளே வந்தது, கோப்பையையும் வென்றது. அட்லாண்டிக் ஹாக்கி கூட்டமைப்பின் ஆர்ஐடி (ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்) 2010இல் அரையிறுதி வரை போனது.

தேர்வு விதிகள், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் இணையதளத்தில் உள்ளன. பார்த்துவிட்டு, அந்தப் பதிவைப் பகிர்வதை நிறுத்துங்கள்.